பதினொன்றாம் எண் ஒலியும் ஒரு மாட்டு மணியும்: டி.எக்ஸ்.7 பற்றிய நிகழ்வு ஆய்வு

சென்ற ஆண்டு மதுரையில் ஒரு நாடகக் குழுவுக்கு இசை அமைத்துக்கொண்டிருந்தேன். நாடகத்தின் நடுவில் ஒரு காட்சி. வண்டி மாடுகளை விற்று வெகுநாள் ஆகிவிட்ட வீட்டில், கிழவி ஒருத்தி நடு இரவில் கழுத்து மணிச் சத்தம் கேட்டு எழுந்து வாசலுக்கு வருகிறாள். மணிச் சத்தம் எங்கோ தொலைவில் தொடங்க வேண்டும், வாசல்வரை நடந்து வர வேண்டும், வந்து நிற்கவும் வேண்டும். மாடு மேடையில் கிடையாது. மணிதான் மாடு.

என் கணினியில் இருந்த ஒலித் தொகுப்பில் ‘மணி’ என்று பெயர் போட்டிருந்த பிரீசெட் (முன்கூட்டியே செய்து வைத்த ஒலி) ஒன்றை எடுத்து வாசித்துக் காட்டினேன். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். “தம்பி, சத்தம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். தொலைக்காட்சித் தொடரில் மருமகள் விளக்கேற்றும்போதெல்லாம் இதுதான் ஒலிக்கிறது” என்றார்.

“வேறு மணி தேடித் தருகிறேன் அண்ணே” என்றேன்.

“தேடாதே. செய்து கொடு” என்றார்.

அந்தச் சொல்லிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்கியது. பதினைந்து ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கிறேன். கச்சேரி மேடை, திருமண மண்டபம், ஒலிப்பதிவுக் கூடம் என்று எல்லா இடத்திலும் வாசித்திருக்கிறேன். ஆனால் ஒரு ஒலியை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து நானாகச் செய்ததில்லை. எங்கள் தலைமுறை கீபோர்டுக்காரர்களில் பலர் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். இது எங்கே தொடங்கியது என்று தேடிப் போனபோது வந்து நின்ற இடம் 1983. கருவியின் பெயர் யமஹா டி.எக்ஸ்.7, ஒலியை எண்களால் செய்யும் மின்னணுக் கீபோர்டு. பிரீசெட் பழக்கம் ஒரு கருவியின் உடலமைப்பிலிருந்தே எப்படி முளைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. மணியையும் அதே கருவியின் முறையில்தான் செய்தேன். எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அசைவு நிறமான கதை

1967இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர், அங்கிருந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தின் கணினியில் ஒலிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு சுரத்தை லேசாக மேலும் கீழும் அசைத்தால் வயலின்காரர் விரலை ஆட்டி எழுப்பும் நடுக்கம் வரும். அந்த அசைவை நொடிக்கு ஐந்தாறு முறை என்ற அளவிலிருந்து அவர் மேலும் மேலும் வேகமாக்கினார், ஆழமாகவும் ஆக்கினார். ஒரு கட்டத்துக்கு மேல், ஏறத்தாழ நொடிக்கு இருபது முறையைத் தாண்டியதும், காது அதை அசைவாகக் கேட்பதை நிறுத்திவிட்டது. நடுக்கம் மறைந்து, அதுவரை இல்லாத ஒரு புதிய நாதம் கேட்டது. வெறும் இரண்டு சைன் அலைகளிலிருந்து பித்தளை வாத்தியத்தின் பளபளப்பும் மணியின் கணகணப்பும் பிறந்தன.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் ஊர்தி அலை, பண்பேற்றம், பக்கப்பட்டை என்றெல்லாம் படித்திருப்போம். எஃப்.எம். வானொலிக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான் இது. வானொலியில் ஊர்தி அலை கோடிக்கணக்கான ஹெர்ட்ஸில் இருப்பதால் அது நம் காதுக்கு எட்டாது. சௌனிங் ஊர்தியையும் அதை அசைக்கும் அலையையும், இரண்டையுமே காது கேட்கும் எல்லைக்குள் கொண்டுவந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதில் ஒரு புதிய வாத்தியக் குடும்பமே ஒளிந்திருந்தது.

எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஊர்தி 220 ஹெர்ட்ஸ், அசைக்கும் அலையும் 220 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஊர்தியோடு அசைக்கும் அலையைக் கூட்டிக்கொண்டும் கழித்துக்கொண்டும் போனால் 440, 660, 880 என்று மேல்சுரங்கள் வரிசையாக எழும். ஒரே சுருதியில் இழைந்த நாதம் கிடைக்கும். அசைக்கும் அலையை மட்டும் 1.4 மடங்காக, அதாவது 308 ஹெர்ட்ஸாக மாற்றிப் பாருங்கள். 528, 836, 1144 என்று மேலே போகும். கழித்தலில் வரும் எதிர்மறை எண்கள் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பி 88, 396, 704 என்று விழும். இவற்றில் ஒன்றுகூட 220இன் முழு மடங்கு இல்லை. காது இவற்றை ஒரே சுரமாகச் சேர்க்க முயன்று தோற்கிறது. அந்தத் தோல்வியைத்தான் நாம் ‘மணி’ என்று கேட்கிறோம். சௌனிங் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் மணிக்குக் கொடுத்த விகிதமும் இந்த 1.4தான்.

அந்தக் கட்டுரையில் என்னை அதிகம் தொட்ட இடம் வேறு. பித்தளை வாத்தியத்தில் சத்தம் கூடக் கூட மேல்சுரங்களும் கூடுகின்றன என்பதை ஜான்-கிளோட் ரிசே பெல் ஆய்வுக்கூடத்தில் முன்பே கண்டறிந்திருந்தார். சௌனிங் செய்ததெல்லாம், சத்தத்தை ஏற்றி இறக்கும் அதே வளைவை அசைவின் ஆழத்துக்கும் கொடுத்ததுதான். ஒலி உடனே உயிர் பெற்றது. ஒரு நாதம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதில்தான் அதன் அடையாளம் இருக்கிறது. நம் நாகசுவரக்காரர்களிடம் இதைச் சொன்னால், இது கூடத் தெரியாதா என்று கேட்பார்கள்.

ஸ்டான்ஃபோர்டு இந்த முறையை யமஹாவுக்கு உரிமம் கொடுத்தது. 1977இல் காப்புரிமை கிடைத்தது. அதைச் சில்லுக்குள் அடக்க யமஹா பல ஆண்டுகள் உழைத்து, 1983இல் டி.எக்ஸ்.7ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆபரேட்டர்கள் எனப்படும் ஆறு சைன் அலை மூலங்கள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்க ‘அல்காரிதம்’ எனப்படும் 32 வழிகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள், விலை 2,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

சாவித் துவாரம் வழியே சமையல்

டி.எக்ஸ்.7க்கு முன்னால் இருந்த கருவிகளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 1970இல் வந்த மினிமூக் கருவியின் முகப்பு முழுக்கக் குமிழ்களும் விசைகளும்தான். அதற்கு நினைவகமே கிடையாது. ஒரு நல்ல ஒலி கிடைத்துவிட்டால், முகப்பின் படம் அச்சிட்ட தாளில் ஒவ்வொரு குமிழும் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்து வைத்துக்கொள்வார்கள். மறுநாள் அந்தத் தாளைப் பார்த்துத் திருகினால் கிட்டத்தட்ட அதே ஒலி வரும். அந்தக் ‘கிட்டத்தட்ட’ என்பதிலேயே பல புதிய ஒலிகள் பிறந்திருக்கும்.

1978இல் புரொஃபெட்-5 அந்தப் பென்சில் வேலையை ஒழித்தது. ஒலிகளை நினைவில் வைத்துக்கொள்ள 40 இடங்கள் கொடுத்தது. பிரீசெட் என்ற சொல்லுக்கு அங்கே நல்ல பொருள் இருந்தது. நான் செய்த ஒலியைக் கருவி எனக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறது என்பதே அந்தப் பொருள். குமிழ்களும் முகப்பிலேயே இருந்தன. கை வைத்தால் ஒலி நகரும்.

டி.எக்ஸ்.7இல் குமிழ்கள் போயின. முகப்பில் தட்டையான சவ்வுப் பொத்தான்கள், ஒரு சிறு திரை, மதிப்புகளை மாற்ற ஒரே ஒரு நகர்த்தி. திரையில் இரண்டு வரிகள், வரிக்கு 16 எழுத்துகள். உள்ளே ஒரு ஒலிக்கு எத்தனை அளவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். ஆபரேட்டருக்கு 21 வீதம் ஆறுக்கு 126. பொதுவானவை 19. ஆக மொத்தம் 145. இந்த 145ஐயும் அந்த இரண்டு வரித் திரை வழியாக, ஒரு நேரத்துக்கு ஒன்றாக, அந்த ஒரே நகர்த்தியால் மாற்ற வேண்டும். சாவித் துவாரம் வழியாகச் சமைப்பது போன்றது இது. உப்பு தெரியும்போது புளி தெரியாது.

நண்பர் ஒருவரின் கூடத்தில் உண்மையான டி.எக்ஸ்.7 ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். மூன்றாவது ஆபரேட்டர் எழுந்து அடங்கும் வளைவின் இரண்டாவது வேகத்தை மாற்றிவிட்டு, அது நான்காவது ஆபரேட்டரோடு எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கப் பொத்தான்களை அழுத்திப் போய் வருவதற்குள், முதலில் என்ன கேட்க நினைத்தேன் என்பதே மறந்துவிட்டது. குறை என் நினைவாற்றலில் இல்லை. கைக்கு எட்டாததைக் காது கேட்கவும் மறந்துவிடுகிறது.

அதே முகப்பில், ஒரே அழுத்தலில், தொழிற்சாலையிலிருந்து வந்த 32 ஒலிகள் காத்திருந்தன. அவற்றைச் செய்தவர்கள் டேவ் பிரிஸ்டோ, கேரி லூயன்பெர்கர் என்ற இரண்டு கலைஞர்கள். மிக நன்றாகச் செய்திருந்தார்கள். ஒரு பக்கம் 145 எண்களும் இரண்டு வரித் திரையும், மறுபக்கம் ஒரே அழுத்தலில் அருமையான ஒலி. கூடத்தில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும் இசைக்கலைஞர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பழுதுபார்க்க வந்த டி.எக்ஸ்.7களில் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலை ஒலிகள் தொடப்படாமல் அப்படியே இருந்தன என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. அந்தக் கருவியின் முன் உட்கார்ந்த பிறகு எனக்கு அது வியப்பாக இல்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகப்பு அவர்களை அங்கேதான் தள்ளியது.

தள்ளப்படாதவர்களும் இருந்தார்கள். ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ அந்தக் கருவியைப் பொறுமையாகக் கற்று, தன் ஒலிகளைத் தானே செய்தார். 1987இல் அவற்றில் சிலவற்றை எப்படிச் செய்வது என்று ‘கீபோர்டு’ இதழில் பகிர்ந்தும் கொண்டார். டி.எக்ஸ்.7ஐ அமைக்கத் தெரிந்தவர்களுக்கு, மற்றவர்களுக்கு ஒலி செய்து கொடுப்பதே ஒரு தொழிலானது. அதன் பிறகு வந்த கருவிகளில், 1987இன் ரோலண்ட் டி-50, 1988இன் கோர்க் எம்1 ஆகியவற்றில், பிரீசெட்டே விற்பனைப் பொருளாகிவிட்டது. கடையில் வாசித்துப் பார்ப்பவர் பிரீசெட்டைத்தான் கேட்டு வாங்கினார்.

பதினொன்றைப் பிரித்துப் பார்த்தல்

டி.எக்ஸ்.7இன் ஒலிகளில் பதினொன்றாவது இடத்தில் இருந்தது ‘இ.பியானோ 1’. 1980களின் மெல்லிய காதல் பாட்டு எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கண்ணாடித் துளி விழுவதுபோல் ‘டிங்’ என்று சிணுங்கி, அடியில் மெத்தென்று படரும் பியானோ கேட்கிறதா? பெரும்பாலும் இதுதான் அது. இது போலச் செய்ய முயன்ற உண்மையான ரோட்ஸ் மின் பியானோவில் சுத்தியல் ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும், பக்கத்தில் உள்ள காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்சாரமாக எடுக்கும். டி.எக்ஸ்.7 வந்த மறு ஆண்டே ரோட்ஸ் தயாரிப்பு நின்றுபோனது.

இயக்குநர் திட்டிய மறுநாள், டெக்ஸ்டு என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஏற்றினேன். டி.எக்ஸ்.7இன் செயல்பாட்டை அப்படியே பின்பற்றும் மென்பொருள் அது. ஒரே வித்தியாசம், ஆறு ஆபரேட்டர்களும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. சாவித் துவாரம் கதவாகத் திறந்தது. மணியைத் தொடுவதற்கு முன், பதினொன்றாம் ஒலியைப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பிரீசெட்டை வெறுக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஒரு நல்ல தையல்காரர் தைத்த சட்டையின் தையலைப் பிரித்துப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அதில், ஐந்தாம் அல்காரிதத்தின்படி, ஆறு ஆபரேட்டர்களும் மூன்று ஜோடிகளாக நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று ஊர்தி, மற்றது அதை அசைக்கும் பண்பேற்றி. இரண்டு ஜோடிகளில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. மெத்தென்ற உடம்பு அங்கிருந்து வருகிறது. அந்த இரண்டில் ஒரு ஜோடி சுருதியிலிருந்து ஒரு மயிரிழை விலகி இருப்பதால், நாதம் மெல்ல அலைகிறது. மிச்சமிருக்கும் ஜோடியில்தான் அந்த ‘டிங்’ இருக்கிறது. அதன் பண்பேற்றியின் விகிதம் 14.

அந்த 14ஐப் பார்த்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 220 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு 14 மடங்கு என்றால் 3080. கூட்டினால் 3300, கழித்துத் திரும்பினால் 2860. அதாவது சுரத்தின் பதினைந்தாவது, பதின்மூன்றாவது மேல்சுரங்கள். பண்பேற்றியின் அளவு 58தான். 99 வரை போகும் அந்த அளவுகோலில் எட்டுப் படிகள் ஏறினால் ஆழம் இரட்டிப்பாகும் என்பதால், 58 என்பது உச்சத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே. எனவே இந்த ஒரு ஜோடிப் பக்கப்பட்டைக்கு மேல் எதுவும் பெரிதாக எழுவதில்லை. வெகு உயரத்தில் இரண்டே கோடுகள். அவை சுருதிக்குள் இருப்பதால் உறுத்துவதில்லை, வெகு தொலைவில் இருப்பதால் தனியாக மின்னுகின்றன. கம்பியின் முதல் சிணுங்கலை இத்தனை சிக்கனமாகப் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்து விரலின் வேகம். மெல்ல அழுத்தினால் பண்பேற்றிகள் கிட்டத்தட்ட உறங்குகின்றன, நாதம் வெறும் சைன் அலைக்கு அருகில் இருக்கிறது. ஓங்கி அழுத்தினால் விழித்துக்கொள்கின்றன, ‘டிங்’ தெறிக்கிறது. சத்தம் கூடினால் பளபளப்பும் கூட வேண்டும் என்ற அதே பழைய பாடம், இங்கே விரலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இந்த ஒலியை வாசித்திருக்கிறேன். அது ஏன் விரலுக்கு இசைவாக இருந்தது என்று அன்றுதான் புரிந்தது.

பிறகு 14ஐ 13 ஆக்கினேன். வேறு குணம் வந்தது, கொஞ்சம் மூக்கால் பேசியது. 9 ஆக்கினேன், மரத்தன்மை எட்டிப் பார்த்தது. 14.14 என்று முழு எண்ணிலிருந்து நழுவவிட்டதும் பியானோ காணாமல் போய், மெல்லிய தகடு ஒன்று அதிரத் தொடங்கியது. அந்தத் தகட்டில்தான் என் மணி இருந்தது.

மணி

இயக்குநரின் சித்தப்பா வீட்டில் பழைய கழுத்து மணி ஒன்று பரணில் கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும் வெண்கல மணி, உள்ளே இரும்பு நாக்கு. கைப்பேசியில் பதிவு செய்து வந்தேன். அந்தப் பதிவையே பயன்படுத்தியிருக்கலாமே என்று நடிகர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிவு செய்த மணி பதிவு செய்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் தொலைவில் இருந்த மணி பெரிதாகிறதே தவிர, பக்கத்தில் வருவதில்லை. என் காட்சிக்கு நடந்து வரும் மணி வேண்டும்.

முதல் இரண்டு நாள் எதையும் செய்யவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். எத்தனை பொருள்கள் கேட்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதினேன். மூன்று. முதலாவது, நாக்கு வெண்கலத்தில் படும் ‘டக்’. அது மிகக் குறுகியது, கிட்டத்தட்ட இரைச்சல். இரண்டாவது, உடனே தெறிக்கும் கூர்மையான கணகணப்பு, அரை நொடிக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றாவது, கடைசிவரை நிற்கும் ஹும் என்ற முனகல். அந்த முனகல் நேராக நிற்கவில்லை. நொடிக்கு இரண்டு மூன்று முறை எழுந்து அமிழ்ந்தது. வீணைக்குச் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திகள் சேரப்போகும் நேரத்தில் கேட்குமே, அதே அலை. வார்ப்பில் எந்த மணியும் முழு வட்டமாக அமைவதில்லை. ஒரே அதிர்வு இரண்டு திசைகளில் மயிரிழை வேறுபாட்டோடு பிரிகிறது. அந்த இரண்டும் மோதி எழுப்பும் அலை அது. என் பிரீசெட் மணியில் இல்லாதது இதுதான். அது பழுதில்லாத மணியாக இருந்தது, அதனால் யாருடைய மணியாகவும் இல்லை.

நோட்டில் மூன்று பொருள்கள், கருவியில் மூன்று ஜோடிகள். அதே ஐந்தாம் அல்காரிதத்தை எடுத்தேன். வெற்று ஒலியிலிருந்து தொடங்கினேன். டி.எக்ஸ்.7இன் வெற்று ஒலி என்பது ஒரே ஒரு சைன் அலை. பழைய தொலைபேசியின் ரீங்காரம் போல இருக்கும், அதில் எந்த ஊரும் இல்லை.

முதல் ஜோடிக்கு ஊர்தி 1, பண்பேற்றி 1.41. இரண்டாம் ஜோடிக்கு ஊர்தி 1, பண்பேற்றி 3.51. ஒரு ஊர்தியைச் சுருதியிலிருந்து +7, மற்றதை −7 விலக்கினேன். முனகல் எழுந்து அமிழத் தொடங்கியது. அந்த நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை திரையில் எண்களாக இருந்தது, சட்டென்று ஒரு பொருளானது. அதற்குக் கனம் இருந்தது.

மூன்றாம் ஜோடி நாக்குக்கு. ஊர்தி 7.07. ஆறாவது ஆபரேட்டரில் தன்னையே தான் அசைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதை உச்சத்துக்கு ஏற்றினால் சைன் அலை சிதைந்து இரைச்சலாகும். அந்த இரைச்சலை இமைக்கும் நேரத்துக்குள் அணைத்தேன். ‘டக்’ கிடைத்தது.

தவறு செய்த இடத்தையும் சொல்ல வேண்டும். முதலில் எல்லா ஆபரேட்டர்களுக்கும் ஒரே வேகத்தில் அடங்கும் வளைவைக் கொடுத்திருந்தேன். விளைவு, மணியைப் பதிவு செய்து சத்தத்தை மட்டும் குறைத்ததுபோல் இருந்தது. ஒரு முழு மாலை இதிலேயே போயிற்று. பிறகு நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். கணகணப்பு அரை நொடி, முனகல் கடைசிவரை என்று நானே எழுதியிருந்தேன். பண்பேற்றிகளின் வளைவை ஊர்திகளைவிட வேகமாக அடங்கச் செய்தேன். தட்டியதும் பல குரலாகத் தெறித்து, அடங்க அடங்க ஒரே குரலாகத் தெளிந்தது. சௌனிங் மணிக்குச் செய்ததும் இதுவேதான். படித்திருந்தும் கைக்கு வர ஒரு மாலை பிடித்தது.

நடை

மணியை நடக்க வைக்கும் வேலை மிச்சம் இருந்தது. தொலைவில் உள்ள ஒலியில் சத்தம் மட்டும் குறைவதில்லை. காற்று உயர் அதிர்வுகளை முதலில் தின்றுவிடுகிறது. அக்கரையில் துணி துவைப்பவரின் அடி நம் காதுக்கு மொத்தென்று மட்டும் வருவது அதனால்தான். எனவே தொலைவு என்பது என் மணியில் பண்பேற்றிகளின் அளவு. டி.எக்ஸ்.7இல் இடக்கைப் பக்கம் உள்ள சக்கரத்தை, ஆபரேட்டர்களின் அளவைத் தூக்கி இறக்கும் வேலைக்கு அமர்த்தலாம். எந்த ஆபரேட்டர் அதற்குச் செவிசாய்க்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லவும் முடியும். 2, 4, 6 மூன்று பண்பேற்றிகளையும் முழுமையாகச் சக்கரத்தோடு கட்டினேன். ஊர்திகளைக் கட்டவில்லை.

சக்கரம் கீழே இருக்கும்போது தட்டினால், எங்கோ வரப்புக்கு அப்பால் ஒரு மழுங்கிய முனகல். மெல்ல மேலே தள்ளிக்கொண்டே தட்டினால், மணி ஊருக்குள் நுழைந்து, தெருவில் திரும்பி, வாசலுக்கு வந்தது. உச்சத்தில் நாக்கின் ‘டக்’ தனியாகக் கேட்டது. மாடு நின்றுவிட்டுத் தலையை ஆட்டுவதுபோல் இரண்டு குறுகிய தட்டல்கள் போட்டேன். பயிற்சியில் கிழவியாக நடித்த அம்மா வசனத்தைச் சொல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். இயக்குநரும் அவரை நிறுத்தவில்லை. அந்த வசனத்தைப் பிறகு நாடகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு பிரீசெட்டைத் தேர்ந்தெடுக்க மூன்று நிமிடம் ஆகியிருக்கும். கச்சேரிக்கு முப்பது பாட்டு வாசிக்கும்போது இந்தக் கணக்கு செல்லாது என்பது எனக்குத் தெரியும். அங்கே நானும் பிரீசெட்தான் வாசிக்கிறேன், வாசிப்பேன். ஆனால் ஒரு ஒலி கதையில் ஆளாக நடிக்க வேண்டியிருந்தால், அதன் எலும்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இயக்குநர் “இன்னும் கொஞ்சம் வயதான மாடு” என்று கேட்டால், எந்த எண்ணைத் தொடுவது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். உண்மையிலேயே அப்படித்தான் கேட்டார். பண்பேற்றி 4இன் விகிதத்தை 3.51இலிருந்து 3.42க்கு இறக்கி, தட்டல்களுக்கு இடையே உள்ள நேரத்தைக் கூட்டினேன். தலையசைத்தார்.

இப்போது கோர்க் நிறுவனத்தின் ஆப்சிக்ஸ் போன்ற கருவிகள் ஆறு ஆபரேட்டர்களுக்கும் தனித்தனி நகர்த்திகளோடு வருகின்றன. 1983இல் சாவித் துவாரத்துக்குள் போன சமையல் மறுபடியும் அடுப்பங்கரைக்கு வந்திருக்கிறது. தொடங்க நினைப்பவர்களுக்கு இலவச மென்பொருளும் ஒரு நோட்டும் போதும். நோட்டு முக்கியம். எண்களைத் தொடும் முன், என்ன கேட்கிறது என்று சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். ‘டக்’, ‘கணகண’, ‘ஹும்’ என்று நான் எழுதிய மூன்று சொற்கள்தான் என்னிடம் இருந்த ஒரே வரைபடம்.

முதல் நாள் நாடகம் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் வேறு மண்டபம். உயரமான தகரக் கூரை, வெறுஞ்சுவர்கள், ஒவ்வொரு தட்டலும் கூரையில் மோதித் திரும்பி வந்தது. கணகணப்பு குவிந்து, மணி வாசலுக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டதுபோல் கேட்டது. மடிக்கணினியைத் திறந்து நான்காவது ஆபரேட்டரின் அளவை 71இலிருந்து 66க்கு இறக்கினேன். ஒருமுறை தட்டிக் கேட்டேன். வெளியே டிக்கெட் கிழித்து ஆட்களை உள்ளே விடத் தொடங்கியிருந்தார்கள்.